வாள்வீச்சுச் சாகச ஆட்டத்தை நடத்துவதும் ஆடுவதும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து கதைக்களத்தை விவரிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது பேசுவதைப் பேசி, செய்வதைச் சொல்லி, முடிவு தெரியாத இடங்களில் பகடை உருட்டிப் பார்க்கிறார்கள். ரோல்பிளேயிங் ஆட்டம் என்பதன் சாரம் இவ்வளவே. இதில் வாள்வீச்சுச் சாகசம் தனி வகை. கயிற்றைப் பிடித்து ஒரு கப்பலிலிருந்து மறு கப்பலுக்குத் தாவுவதும், விருந்து மண்டபத்துச் சரவிளக்கில் தொங்கி எதிரிகளின் தலைக்கு மேல் பறப்பதும், மோதலின் நடுவே எதிராளியின் தொப்பியை வாள்முனையால் தட்டிவிட்டு ஒரு கேலியும் சொல்வதும் இதன் அன்றாடம்.

இந்த வகைக்கு வருபவர்களில் பலர் வேறு ரோல்பிளேயிங் ஆட்டங்களில் பழகியவர்களாக இருப்பார்கள். அங்கே கற்ற பழக்கம்தான் இங்கே முதல் தடை. 1974இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் தொடக்க விதிகளில், நிலவறையிலிருந்து மீட்டுவந்த பொற்காசுகள் பாத்திரத்தின் வளர்ச்சியைப் பெருமளவு தீர்மானித்தன. உயிர் போவதும் எளிதாக இருந்தது. ஆகவே கதவில் காது வைத்துக் கேட்டபின் திறப்பதும், பத்தடிக் கழியால் தரையைத் தட்டிப் பார்த்தே காலெடுத்து வைப்பதும் தேர்ந்த ஆட்டக்காரரின் அடையாளங்களாயின. அந்த ஆட்டத்துக்கு அது பொருத்தமான புத்தி. இங்கே அதே எச்சரிக்கை எல்லாருடைய மாலைப்பொழுதையும் வீணடிக்கும். ஏனெனில் இந்த நாயகர்கள் முதலில் குதிப்பவர்கள், குதித்த பிறகு யோசிப்பவர்கள். ஆனால், துணிந்து ஆடுங்கள் என்று வாயால் சொல்வதால் மட்டும் எவரும் துணிந்துவிட மாட்டார்கள். துணிவது லாபம், தயங்குவது நஷ்டம் என்பதை விதிகளும் கேம் மாஸ்டரின் தீர்ப்புகளும் திரும்பத் திரும்பக் காட்டினால்தான் துணிவார்கள். கீழே வரும் படிகள் அனைத்தும் அந்த ஒரு நோக்கத்துக்காகவே சொல்லப்படுகின்றன.

களத்தையும் காலத்தையும் தேர்ந்தெடுத்தல்

வாளும் துப்பாக்கியும் ஒரே காலத்தில் புழங்கிய, சட்டமும் மானமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்ட எந்தக் காலமும் இதற்கு ஏற்றது. பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்ஸ் பலருக்கும் முதல் தேர்வாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பதின்மூன்றாம் லூயி மன்னர் 1622இல் தம் மஸ்கட்டியர் காவற்படையை நிறுவினார். இருவர் மானத்துக்காகத் தனித்து மோதும் துவந்த யுத்தத்தைத் தடை செய்யும் கடுமையான அரசாணை 1626இல் வந்தது. அதை மீறிப் பாரிஸின் பொதுச் சதுக்கத்தில் பட்டப்பகலில் வாள் சுழற்றிய பிரபு ஒருவரின் தலை மறு ஆண்டே வெட்டப்பட்டது. அவமானத்துக்குப் பதில் சொல்லாவிட்டால் மானம் போகும், சொன்னால் தலை போகும் என்ற இந்த ஒரு நெருக்கடி பத்து அமர்வுகளுக்குப் போதுமான கதையைத் தந்துவிடும்.

கரீபியக் கடலை விரும்புபவர்கள் 1716 முதல் 1718 வரை கடற்கொள்ளையரின் தளமாக இருந்த, பஹாமாஸ் தீவுகளின் நாசோ துறைமுகத்தை எடுத்துக்கொள்ளலாம். சரணடையும் கடற்கொள்ளையருக்கு மன்னிப்பு வழங்கும் பிரிட்டிஷ் அரசாணை 1717இல் வெளிவந்தது; அதை ஏற்பதா, கிழித்தெறிவதா என்ற கேள்வி ஒவ்வொரு கப்பலையும் இரண்டாகப் பிளக்கக் கூடியது. அந்தக் காலக் கொள்ளைக் கப்பல்களில் மாலுமிகள் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்ததும், கொள்ளையில் யாருக்கு எத்தனை பங்கு என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டதும் ஆட்டத்துக்கு நேரடியாக உதவும் செய்திகள். நாம் ஐந்து பேரில் யார் தலைவர் என்ற சச்சரவை ஆட்டக்காரர்கள் வெளியே நடத்தாமல் கதைக்குள்ளேயே, ஒப்பந்தத்தாளை நடுவில் வைத்துக்கொண்டு நடத்த முடியும்.

கற்பனை உலகமும் நல்லதுதான். எதுவானாலும், கேம் மாஸ்டர் வரலாற்று நூல்களைக் குவித்துவைத்துப் படிக்கத் தேவையில்லை. அந்தக் காலத்தில் யாருக்கு அதிகாரம், எது தடைசெய்யப்பட்டது, எதற்காக மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால் முதல் அமர்வை நடத்திவிடலாம். தையல் பாணியையும் நாணய மாற்று விகிதத்தையும் பற்றி வாதிடும் நண்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரிடமே அந்தப் பொறுப்பை ஒப்படைத்துவிடுவது சிறந்தது.

விதிகளைத் தேர்ந்தெடுத்தல்

இந்த வகைக்கென்றே எழுதப்பட்ட விதிநூல்கள் பல உண்டு. 1999இல் முதல் பதிப்பும் 2016இல் இரண்டாம் பதிப்பும் கண்ட செவன்த் சீ அவற்றுள் புகழ்பெற்றது. இரண்டாம் பதிப்பில் ஆட்டக்காரர் ஒரு கைப்பிடிப் பத்துமுகப் பகடைகளை உருட்டி, கூட்டினால் பத்தோ அதற்கு மேலோ வரும்படி சேர்க்கிறார். அப்படிச் சேர்த்த ஒவ்வொரு தொகுதியையும் செலவிட்டு ஒரு செயலை முடிக்கலாம், ஓர் ஆபத்தைத் தவிர்க்கலாம், ஒரு வாய்ப்பைப் பிடிக்கலாம். வெல்வாரா மாட்டாரா என்பதைவிட, வெல்வதற்கு எதை விட்டுக்கொடுப்பார் என்பதே அங்கே கேள்வி. 2003இல் வந்த சேவேஜ் வேர்ல்ட்ஸ் எல்லா வகைக் கதைக்கும் பொதுவானது. பகடையில் உச்ச எண் விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம் என்ற விதியும், சாதாரண அடியாள் ஒரே காயத்தில் சாய்ந்துவிடுவான் என்ற விதியும் சாகச வேகத்துக்கு இயல்பாகவே பொருந்துகின்றன. ஃபேட் விதிகளில் தன் பாத்திரத்தின் பலவீனத்தால் சிக்கலில் மாட்ட ஒப்புக்கொள்ளும் ஆட்டக்காரருக்கு அதற்கு ஈடாக ஒரு புள்ளி கிடைக்கும்.

விதிநூல் எதுவும் கையில் இல்லாதவர்கள் இன்றைக்கே ஆடத் தொடங்க ஒரு சுருக்கமான முறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வாள், கால், நாக்கு, கண் என்று நான்கு திறன்கள். வாள் என்பது சண்டை. கால் என்பது ஓட்டம், தாவல், ஏற்றம். நாக்கு என்பது பேச்சு, சவடால், பொய். கண் என்பது கவனிப்பும் தந்திரமும். இவற்றில் ஒன்றுக்கு இரண்டு புள்ளி, இரண்டுக்கு ஒவ்வொரு புள்ளி, மீதமுள்ள ஒன்றுக்குச் சுழியம். முடிவு தெரியாத செயலுக்கு இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, உரிய திறனின் புள்ளியைக் கூட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ வந்தால் நினைத்தது நினைத்தபடி நடக்கும். ஏழு முதல் ஒன்பது வரை வந்தால் நடக்கும், ஆனால் ஒரு விலை உண்டு. ஆறோ அதற்குக் கீழோ வந்தால் நிலைமை மோசமாகும், அது எப்படி என்பதைக் கேம் மாஸ்டர் சொல்வார். இந்த மூன்றடுக்குப் பகடை முறை 2010இல் வெளியான அபோகலிப்ஸ் வேர்ல்ட் வழியே பரவலானது.

ஒவ்வொருவரும் மூன்று காயம் வரை தாங்கலாம். நான்காவது காயத்தில் அந்தக் காட்சியிலிருந்து விலக நேரும். அதற்கு மேல் துணிவுக் காசு என்று ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சட்டைப் பொத்தானோ சில்லறையோ எதுவானாலும் சரி, கையில் பிடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் ஆளுக்கு இரண்டு. ஒரு காசைச் செலவிட்டால் ஒரு பகடையை மறுபடி உருட்டலாம், அல்லது இதுவரை யாரும் சொல்லாத ஒரு பொருளைக் காட்சியில் இருப்பதாகச் சொல்லலாம். காசு சம்பாதிக்கும் வழக்கமான வழி: எளிய வழி கண்ணெதிரே இருக்கும்போது, பாத்திரத்தின் மானத்துக்காகவோ குணக்கோளாறுக்காகவோ கடினமான வழியைத் தேர்ந்தெடுப்பது.

முதல் பகடைக்கு முன் ஒரு பேச்சு

அமர்வு தொடங்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்கிச் சிலவற்றைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். கதையின் தொனி கேலியும் கூத்துமானதா, இருண்டதா? நாயகர்கள் சாக முடியுமா? முதல் முறை ஆடும் குழுவுக்கு என் பரிந்துரை, ஆட்டக்காரரே ஒப்புக்கொண்டால் ஒழிய அவருடைய பாத்திரம் சாகாது என்ற விதி. இது ஆட்டத்தை நீர்த்துப்போகச் செய்யும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் உயிர் போகாது என்று தெரிந்தவர்தான் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து வைக்கோல் வண்டியில் குதிப்பார். இழப்பதற்கு மானம், காதல், கடன், கப்பல் என்று வேறு எவ்வளவோ இருக்கின்றன.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கரீபியன் என்றால் அடிமை வணிகமும் அங்கே இருந்தது; பெண்கள் வாளேந்துவதை அந்தச் சமூகங்கள் எளிதில் ஏற்கவில்லை. அவற்றைக் கதைக்குள் கொண்டுவருவதா, பின்னணியில் வைப்பதா, மாற்றி எழுதிவிடுவதா என்பதை மேசையில் இருக்கும் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். ஆட்டத்தின் நடுவே எவருக்காவது ஒரு காட்சி சங்கடமாக இருந்தால் காரணம் சொல்லாமலே நிறுத்தவும் வழி வேண்டும். எக்ஸ் குறியிட்ட அட்டை ஒன்றை நடுவில் வைத்து, அதைத் தொட்டால் அந்தக் காட்சி கைவிடப்படும் என்று ஏற்பாடு செய்வது பல குழுக்களில் வழக்கம்.

பாத்திரங்களை உருவாக்குதல்

நீண்ட முன்கதை எழுதிவரும் ஆட்டக்காரரை ஊக்கப்படுத்த வேண்டாம். மூன்று வாக்கியங்கள் போதும்: எதில் கெட்டிக்காரர், யாருக்குக் கடன்பட்டவர், எதை மறுக்கவே மாட்டார். மூன்றாவது வாக்கியமே முக்கியமானது. பந்தயம் என்று யார் கை நீட்டினாலும் மறுக்காத கப்பல் மருத்துவர், தன் குடும்பப் பெயரை எவர் இழிவாகச் சொன்னாலும் வாளுருவும் ஓடிப்போன பிரபுவின் மகள், சிறைக் கதவு எதைக் கண்டாலும் திறந்துவிடும் முன்னாள் கைதி ஆகிய மூவர் ஒரே படகில் ஏறினால், கதையைத் தள்ளிச் செல்லும் வேலை கேம் மாஸ்டருக்குப் பாதி குறைந்துவிடும்.

யாரையும் நம்பாத, மூலையில் உட்கார்ந்து மது அருந்தும் தனிமை விரும்பியை ஒருவர் கட்டாயம் ஆட விரும்புவார். அதை மறுக்கத் தேவையில்லை. பக்கத்தில் இருக்கும் இருவரைக் காட்டி, இவர்களில் யாருக்காக உங்கள் பாத்திரம் ஏற்கெனவே ஒருமுறை உயிரைப் பணயம் வைத்தது என்று கேட்டால் போதும். பாத்திரங்கள் ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்களாக இருப்பது இந்த வகைக்கு இன்றியமையாதது. தாமரை இலைத் தண்ணீராக ஒட்டாமல் இருக்கும் நால்வர் முதுகோடு முதுகு சேர்த்து நின்று சண்டையிட மாட்டார்கள்.

சண்டைக்கான இடத்தைத் தயாரித்தல்

கேம் மாஸ்டரின் தயாரிப்பு நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போக வேண்டும். வெற்றுத் தரையில் நடக்கும் வாள்சண்டை இரண்டு சுற்றில் வெறும் கூட்டல் கழித்தலாகிவிடும். ஆகவே இடத்தை எழுதும்போது உயரம் எங்கே, அசையக் கூடியது எது, தீர்ந்துகொண்டிருப்பது எது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உயரம் என்றால் ஏறவும் விழவும் ஓர் இடம். அசையக் கூடியது என்றால் உருளும் பீப்பாய், தொங்கும் கயிறு, சாயும் அலமாரி போன்றவை. தீர்ந்துகொண்டிருப்பது என்றால் நேரம்: பரவும் தீ, ஏறும் கடல், நெருங்கி வரும் ரோந்துப் படை.

இவற்றுக்கெல்லாம் முன்பாகச் சண்டை எதற்காக என்பது தெளிவாக இருக்க வேண்டும். எதிராளியைக் கொல்வது மட்டுமே நோக்கமானால், அருகில் நின்று குத்துவதே சிறந்த உத்தி. அதைத்தான் எல்லாரும் செய்வார்கள். ஒரு கடிதத்தை எரிவதற்குள் கைப்பற்ற வேண்டும், ஒரு கைதியைப் படகு நகர்வதற்குள் இறக்க வேண்டும், விருந்தினர் எவருக்கும் தெரியாமல் ஒருவரைத் தோற்கடிக்க வேண்டும் என்றால், ஓட்டமும் தாவலும் ஏமாற்றும் தாமாகவே தேவைப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. துறைமுகச் சுங்கக் கிடங்கு. கீழே மது பீப்பாய்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலே மரப்பலகை மேல்தளம். மூட்டை ஏற்றும் கப்பியும் கயிறும் நடுவில் தொங்குகின்றன. மேல்தளத்தில் துறைமுக நீதிபதி ஒரு கடிதத்தை மெழுகுவர்த்திச் சுடரை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறார். கீழே எட்டு அடியாட்கள். வெளியே, ஓதம் வடியும்போது புறப்படவிருக்கும் கப்பலின் மணி ஒலிக்கிறது. கேம் மாஸ்டரின் தாளில் இவ்வளவு இருந்தால் ஒரு மணி நேர ஆட்டம் தயார். ஆட்டக்காரர்கள் எந்த வழியில் வெல்வார்கள் என்பதை மட்டும் எழுதிவைக்காதீர்கள். எழுதிவைத்தால், உங்களை அறியாமலே மற்ற வழிகளையெல்லாம் அடைத்துவிடுவீர்கள்.

பகடையை எப்போது உருட்டச் சொல்வது

புதிய கேம் மாஸ்டர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு செயல் இந்த ஆட்டத்தையே கொன்றுவிடும் என்பதால் இந்த இடத்தில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. ஆட்டக்காரர், கயிற்றைப் பிடித்து மேல்தளத்துக்குத் தாவி நீதிபதியின் கையைத் தட்டிவிடுகிறேன் என்கிறார். கேம் மாஸ்டர் மனத்துக்குள் அதைப் பிரித்துப் பார்த்து, கயிற்றைப் பிடிக்க ஒரு முறை, தளத்தில் நிலையாக இறங்க ஒரு முறை, கையைத் தட்ட ஒரு முறை என்று மூன்று முறை உருட்டச் சொல்கிறார். மேலே சொன்ன முறையில் ஒரு புள்ளி கொண்ட திறனுக்கு, ஏழோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு 72 விழுக்காடு. மூன்று முறையும் தொடர்ந்து அப்படி விழும் வாய்ப்பு ஏறத்தாழ 38 விழுக்காடுதான். பக்கத்தில் நின்ற இன்னோர் ஆட்டக்காரர் எதிரே இருப்பவனைச் சும்மா குத்துகிறேன் என்று சொல்லி ஒரே முறை உருட்டுகிறார். அவருக்கு 72 விழுக்காடு முழுதாக இருக்கிறது. இதை இரண்டு முறை பார்த்த பிறகு அந்த மேசையில் எவரும் கயிற்றைத் தொட மாட்டார்கள். அவர்களுக்குக் கற்பனை வறட்சி என்று கேம் மாஸ்டர் வருத்தப்படுவார். கணக்கு அவர்களுக்குக் கற்பித்த பாடம் அது.

ஆகவே ஒரு மூச்சில் சொல்லக் கூடிய செயலுக்கு ஒரே பகடை. அது எவ்வளவு அலங்காரமானதாக இருந்தாலும், அலங்காரத்துக்காகக் கூடுதல் தண்டனை கிடையாது. மேசையில் இருப்பவர்கள் தம்மை மறந்து சிரிக்கும்படியோ கைதட்டும்படியோ ஒருவர் விவரித்தால், ஒரு புள்ளி கூட்டிக்கொள்ளச் சொல்வதும் நியாயமே.

அதே கிடங்கில் பிரபுவின் மகளை ஆடுபவர் அந்தத் தாவலைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கால் திறன் இரண்டு. பகடையில் நான்கும் இரண்டும் விழுகின்றன, திறனையும் கூட்டினால் எட்டு. நினைத்தது நடக்கும், விலையும் உண்டு. கேம் மாஸ்டர் சொல்கிறார்: "கயிற்றில் சுழன்று மேல்தளத்தில் இறங்கிவிட்டீர்கள், கடிதம் நீதிபதியின் கையிலிருந்து பறந்து பலகை இடுக்கில் சிக்கிக்கொண்டது. ஆனால் தாவும் வேகத்தில் உங்கள் வாள் நழுவி, கீழே எட்டுப் பேருக்கு நடுவில் போய் விழுந்திருக்கிறது. நீதிபதி தம் கைத்தடிக்குள் ஒளித்துவைத்த கத்தியை உருவுகிறார். உங்கள் கையில் இப்போது என்ன இருக்கிறது?" ஆட்டக்காரர் ஒரு துணிவுக் காசை மேசையில் வைத்து, "எரிந்துகொண்டிருக்கும் மெழுகுவர்த்தித் தண்டு" என்கிறார். தெளிவான வெற்றியைவிட இது எத்தனை மடங்கு நல்ல காட்சி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆறோ அதற்குக் கீழோ விழும்போதும் இதே கொள்கைதான். நாயகர் அசடாகத் தடுக்கி விழுந்தார் என்று சொல்லாதீர்கள். அவர் திறமையானவர், உலகம்தான் குறுக்கே வந்தது என்று சொல்லுங்கள். கயிறு பிடிபட்டது, ஆனால் மறுமுனையில் கட்டியிருந்த மூட்டை இறங்க, அவர் கூரைவரை போய்த் தொங்குகிறார். காவலன் பொய்யை நம்பவில்லை என்பதைவிட, முழுதாக நம்பிவிட்டுத் தம் தளபதியிடமே அழைத்துப் போகிறான் என்பது மேல். தோல்வி காட்சியை நிறுத்தக் கூடாது, திருப்ப வேண்டும். எதுவும் நடக்கவில்லை, அடுத்தவர் உருட்டுங்கள் என்ற வாக்கியத்தை இந்த மேசையில் தடை செய்துவிடலாம்.

சரவிளக்கு இருக்கிறதா, ஜன்னல் திறந்திருக்கிறதா, குதிரை அருகில் நிற்கிறதா என்று ஆட்டக்காரர் கேட்டால், கதைக்கு முற்றிலும் முரணாக இருந்தால் ஒழிய விடை ஆம் என்பதே.

அடியாட்கள், வில்லன், துவந்த யுத்தம்

அடியாட்களைத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டாம். நான்கு பேர் ஒரு கூட்டம்; ஒரு வெற்றிகரமான செயலில் இரண்டு பேர் சாய்வார்கள், பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் கூட்டம் முழுவதுமே கலையும். சாய்வது என்றால் சாவது என்று பொருளல்ல. பீப்பாயில் தலைகீழாக விழலாம், தோழன்மேல் இடறி உருளலாம், சம்பளம் இதற்குப் போதாது என்று ஓடலாம்.

வில்லன் வேறு வகை. அவருக்கு ஒரு பெயர், ஒரு பேச்சுப் பாணி, விட்டுக்கொடுக்காத ஒரு நெறி இவை மூன்றும் வேண்டும். பெண்களிடம் பொய் சொல்லாதவர், கடனைத் தவணை தவறாமல் அடைப்பவர், நிராயுதபாணியைத் தாக்காதவர் என்று ஏதோ ஒன்று. அந்த நெறியை ஆட்டக்காரர்கள் ஒருநாள் பயன்படுத்திக்கொள்வார்கள். அதற்காகத்தான் அது இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே வில்லன் தப்பிச் செல்ல வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், பகடையை மறைத்து ஏமாற்றாதீர்கள். "இவர் இப்போது தப்பிவிடுவார், அதற்கு ஈடாக ஆளுக்கொரு துணிவுக் காசு" என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். எவரும் வருந்த மாட்டார்கள். அடுத்த முறை அந்த வில்லன் வாசலில் நிற்கும்போது காசுகள் எல்லாம் ஒரே மூச்சில் மேசையில் விழும்.

துவந்த யுத்தத்தில் ஒரு சிக்கல் உண்டு: இருவர் மோத, மற்ற மூவர் வேடிக்கை பார்க்க நேரும். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, மோதலை நான்கு பரிமாற்றங்களுக்குள் முடித்துவிடுவது. ஒவ்வொரு பரிமாற்றத்திலும் இடமோ நிலையோ மாற வேண்டும்: முற்றத்தில் தொடங்கி, படிக்கட்டில் ஏறி, மொட்டைமாடி விளிம்பில் முடிவது போல. இரண்டு, வாள்கள் உரசும் ஒவ்வொரு நொடிக்கும் வெளியே ஒரு வேலையை வைப்பது. சாட்சியாக வந்த நண்பர் எதிர்த்தரப்புச் சாட்சியோடு பேச்சில் மல்லுக்கட்டுகிறார், இன்னொருவர் ரோந்துப் படையைத் திசைதிருப்புகிறார். காட்சியை இங்கும் அங்குமாக வெட்டி வெட்டி நகர்த்துங்கள், அதுவும் உச்சகட்டத்தில். முதல் இரத்தத்தோடு முடியுமா, மன்னிப்புக் கேட்டால் முடியுமா என்ற நிபந்தனையை மோதலுக்கு முன்பே பாத்திரங்கள் வாயாலேயே பேசிக்கொள்வது கதைக்கும் நல்லது, விதிக்கும் நல்லது.

சரணடைவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற ஆட்டங்களிலிருந்து வருபவர்கள் சிறைப்படுவதைத் தோல்வியின் உச்சமாகக் கருதி, இறுதிவரை போராடி மடிவார்கள். இந்த வகைக் கதைகளிலோ சிறைப்படுவது அடுத்த அத்தியாயத்தின் வாசல். வாளை ஒப்படைப்பவரின் உயிரும் வாளும் பின்னர் திரும்பக் கிடைக்கும் என்பதைக் கேம் மாஸ்டர் முதல் நாளே சொல்லி, சொன்னபடி நடக்கவும் வேண்டும். ஒருமுறை ஏமாற்றினால் அந்தக் குழு இனி எந்தக் காலத்திலும் சரணடையாது.

துப்பாக்கியும் துரத்தலும்

அந்தக் காலக் கைத்துப்பாக்கியில் ஒரு குண்டுதான். சுட்ட பிறகு மருந்தும் குண்டும் குழாய்வழி இட்டுக் கெட்டிப்பதற்குள் எதிராளி பத்து முறை குத்திவிடுவார். ஆகவே ஒரு துப்பாக்கிக்கு ஒரு காட்சியில் ஒரே வெடி என்ற விதி போதும். பலர் இடுப்பில் இரண்டு மூன்று துப்பாக்கிகளைச் செருகிக்கொண்டு திரிந்ததன் காரணமும் இதுவே. இந்த விதி இல்லாவிட்டால், தூரத்திலிருந்து சுடுவதே புத்திசாலித்தனமாகி, வாள்கள் உறையிலேயே துருப்பிடிக்கும்.

துரத்தலுக்கு ஒரு வட்டம் வரைந்து ஆறு கூறாகப் பிரியுங்கள். ஆட்டக்காரரின் ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு கூறும், பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் இரண்டு கூறும் நிரப்புங்கள். எதிரிக்கும் அதுபோல ஒரு வட்டம். ஆட்டக்காரரின் தோல்விகளாலும் அவர் கொடுக்கும் விலைகளாலும் அது நிரம்பும். எது முதலில் முடிகிறதோ அதுவே முடிவு. அடிக்கணக்கில் தூரம் அளக்கும் வேலை மிச்சம்.

ஆட்டக்காரர்களுக்கு

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி கேம் மாஸ்டருக்கானது. ஆட்டக்காரர்களின் பங்கு அளவில் சிறிது, பலனில் பெரிது. கயிற்றில் தாவலாமா என்று அனுமதி கேட்காதீர்கள், தாவுகிறேன் என்று அறிவியுங்கள். முடியாதென்றால் கேம் மாஸ்டர் சொல்வார். வீர வசனம் நாவில் வராதவர்கள் அதற்காகக் கூசத் தேவையில்லை. அவன் மூதாதையரைப் பற்றி நுட்பமாக ஒரு கேலி சொல்கிறேன், கூட்டம் சிரிக்கிறது என்று விவரித்தாலும் அது முழுமையான ஆட்டமே. பேச்சாற்றல் பாத்திரத்துக்கு இருந்தால் போதும், ஆடுபவருக்கும் இருக்க வேண்டும் என்பதில்லை.

துணிவுக் காசைச் சேமித்து வைக்காதீர்கள். அமர்வின் இறுதியில் கையில் மிஞ்சும் காசு, நடக்காமல் போன ஒரு நல்ல காட்சி. எதிராளி நன்றாக வீசிய வாளுக்குப் பாராட்டுச் சொல்லுங்கள். அவரை உயர்த்தினால் அவரை வெல்லும் நீங்களும் உயர்வீர்கள். உங்கள் நண்பரின் பாத்திரம் நீண்ட நேரமாக வாய் திறக்கவில்லை என்றால், உங்கள் பாத்திரத்தின் வாயால் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள், அல்லது அவர் காப்பாற்ற வேண்டிய நிலையில் போய் மாட்டிக்கொள்ளுங்கள். மாட்டிக்கொள்வது இந்த ஆட்டத்தில் ஒரு திறமை. கப்பல் மருத்துவர் நாலு பேர் தடுத்தும் கேளாமல் அந்தப் பந்தயத்தை ஏற்பதால்தான் அன்றைய கதை நடக்கிறது; அவரைத் தடுக்கும் நண்பர்களும் பாத்திரமாக நின்று தடுக்க வேண்டும், ஆட்டக்காரராகக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அமர்வை முடித்தல்

முதல் அமர்வுக்கு மூன்று மணி நேரம் சரியான அளவு. அதில் இரண்டு பெரிய காட்சிகளும் அவற்றை இணைக்கும் ஒரு பேச்சுக் காட்சியும் அடங்கும். அதற்கு மேல் திட்டமிட்டால் கடைசி மோதலை அவசர அவசரமாக முடிக்க நேரும். நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது, சண்டை எந்த நிலையில் இருந்தாலும், கிடங்கின் கூரையில் தீப்பிடிப்பது போன்ற ஒன்றைக் கொண்டுவந்து எல்லாரையும் வெளியேறும் வழி தேடச் செய்யுங்கள்.

எல்லாரும் எழுந்து போவதற்கு முன் ஒவ்வொருவரிடமும், உங்கள் பாத்திரம் நாளைக் காலை முதலில் யாரைத் தேடிப் போகும் என்று கேட்டு விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தப்பிப் போன எதிரி யார், யாருக்கு யார் உயிர்க்கடன் பட்டார், படிக்கப்படாத கடிதம் யாரிடம் இருக்கிறது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அடுத்த அமர்வுக்கு அந்தத் தாளில் இருப்பதை மட்டும் தயாரித்தால் போதும். அதில் இல்லாத இளவரசர்களையும் தீவுகளையும் தேவைப்படும்போது அங்கேயே உருவாக்கிக்கொள்ளலாம்.